சீனாவுக்குப் போகுமுன் கடையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

புறக்கோட்டையிலும் அக்குறணையிலும் காத்தான்குடியிலும் பேருவளையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் இன்று சீனாவுக்கே போய் நேரடியாகச் சாமான் எடுக்கின்றனர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு நமது மூத்தவர்கள் சிங்கப்பூருக்கும் பெங்கொக்குக்கும் பம்பாய்க்கும் பை தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு துபாய். இப்போது குவாங்சோவும் யீவும். அன்று இரண்டு பைகளில் கொண்டுவந்த சாமான் ஓடாவிட்டால் பெருநாள் காலத்தில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். இன்று ஒரு கொள்கலன் சாமான் ஓடாமல் தேங்கினால் வீட்டுக் காணி உறுதி வங்கியிலேயே கிடக்கும்; மனைவியின் நகையும் அடகில் மூழ்கும். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

2004ஆம் ஆண்டு முதல் அந்த நாட்டுக்குப் போய்வருகிறேன். அங்கே கையைச் சுட்டுக்கொண்டு வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பணப்பையைப் பறிகொடுத்தவர்கள் அவர்களில் சிலர்தான். இங்கே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு அறிந்திருக்கக்கூடிய விடயத்தைக் கேட்காமல் விமானம் ஏறியவர்கள்தான் மிகப் பலர்.

இளம் வியாபாரிகள் வந்து, "நாநா, அடுத்த மாசம் சைனாவுக்குப் போகப்போறன், என்ன சாமான் எடுத்தா நல்லம்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. கடந்த 12 மாதங்களில் உங்கள் கடையில் எந்தப் பொருள் எத்தனை விற்றது, யாருக்கு விற்றீர்கள், காசு எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று திருப்பிக் கேட்பேன். இதைச் சொல்லத் தெரியாதவர் யீவு சந்தைக்குள் போனால் என்ன நடக்கும்? அங்கே 5 பெரும் பிரிவுகளில் ஏறக்குறைய 75,000 கடைகள் உள்ளன. ஒரு கடைக்கு 3 நிமிடம் என்று போட்டாலும் பல மாதங்கள் நடக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் போகிறவர் முதல் நாள் விளையாட்டுப் பொருளையும் செயற்கைப் பூவையும் பார்த்து மயங்குவார். இரண்டாம் நாள் கால் வலிக்கும். மூன்றாம் நாள் எதையாவது எடுத்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் ஓடர் கொடுத்துவிட்டு வருவார்.

ஆகவே முதல் வேலை உங்கள் கடையில் தொடங்குகிறது. எடுக்க நினைக்கும் பொருள்கள் பத்துக்கு மேல் வேண்டாம். அவற்றின் பட்டியலை எழுதிக்கொண்டு, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே கிளியரிங் ஏஜன்டிடம் போய் உட்காருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். இலக்கம் எது, சுங்க வரி எவ்வளவு, செஸ் வரி உண்டா, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி எவ்வளவு, இறக்குமதி அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம். வற் வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதல்ல. மற்ற வரிகளையும் சேர்த்த தொகையின் மீது போடப்படுவது. வரிக்கும் வரி கட்டுகிறோம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும்.

சில பொருள்களுக்கு வரி கட்டினாலும் போதாது. பிளக், சொக்கட், மின்வயர் போன்றவற்றுக்கு இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனத்தின் சான்று வேண்டும். கைத்தொலைபேசி, வைபை ரவுட்டர் போன்றவற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். சீனக் கடைக்காரருக்கு இவை எதுவும் தெரியாது. அவர், "ஸ்ரீலங்கா? நோ புரொப்ளம்" என்றுதான் சொல்வார். 2020க்குப் பிறகு இரண்டு மூன்று வருடங்களாக வர்த்தமானி எவ்வளவு வேகத்தில் மாறியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம். போன வருடம் நண்பர் கொண்டுவந்தார் என்பதை நம்பி இந்த வருடம் ஓடர் கொடுக்கக் கூடாது.

அடுத்தது கொள்ளளவுக் கணக்கு. புதிதாகப் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நீங்கள் எடுக்கும் பொருள் ஒரு பெட்டிக்கு 24 வருகிறது. பெட்டியின் அளவு 60 சென்றிமீற்றர் நீளம், 50 அகலம், 40 உயரம். மூன்றையும் பெருக்கினால் 0.12 கன மீற்றர். 20 அடிக் கொள்கலனில் கணக்குப்படி 33 கன மீற்றர் என்றாலும் நடைமுறையில் 28தான் ஏற்றலாம். அப்படியானால் ஏறத்தாழ 233 பெட்டிகள், ஏறக்குறைய 5,600 பொருள்கள். கப்பல் கூலி, துறைமுகச் செலவு, கிளியரிங், லொறி எல்லாம் சேர்த்து 14 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளுக்கு 250 ரூபாய் செலவு. அந்தப் பொருளை நீங்கள் அங்கே 300 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், வரி கட்டுவதற்கு முன்பே அது 550 ரூபாய்! தலையணை, பிளாஸ்டிக் கூடை, செயற்கைப் பூ எல்லாம் இந்த ரகம். பாரம் இல்லை, இடத்தை அடைக்கும். ஊசி, பூட்டு, சிப் போன்றவற்றில் ஒரு பொருளுக்கு விழும் கூலி மிகக் குறைவு. ஆகவே அங்கே ஒவ்வொரு கடையிலும் விலையைக் கேட்ட கையோடு பெட்டியின் அளவையும், ஒரு பெட்டிக்கு எத்தனை என்பதையும் கேட்டு எழுதுங்கள். இவை இல்லாத விலை அரை விலைதான்.

போகும் நாளைத் தெரிவு செய்வதும் வியாபாரக் கணக்குத்தான். 1957இல் தொடங்கிய குவாங்சோ கன்டன் கண்காட்சி வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 15இலும் ஒக்டோபர் 15இலும் ஆரம்பமாகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு 5 நாள், நடுவில் சில நாள் இடைவெளி. முதற் கட்டத்தில் மின்சாரப் பொருள், இயந்திரம், ஹாட்வெயார். இரண்டாவதில் வீட்டுப் பாவனைப் பொருள், அன்பளிப்புப் பொருள், கட்டடப் பொருள். மூன்றாவதில் துணி, சப்பாத்து, பை, விளையாட்டுப் பொருள், எழுதுகருவி. புடைவைக் கடை வைத்திருப்பவர் முதற் கட்டத்துக்குப் போய், ஐந்து நாளும் ஜெனரேட்டரையும் துளையிடும் மெஷினையும் பார்த்துவிட்டு வந்த கதை எனக்குத் தெரியும். ஹோட்டல் வாடகையும் அந்நாட்களில் ஏறிவிடும்.

சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் வருகிறது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பல வாரங்கள் பெக்டரிகள் சோம்பிக் கிடக்கும். தொழிலாளர் ஊருக்குப் போய்விடுவார்கள். நோன்பும் இப்போது அந்தக் காலத்தை ஒட்டியே வருவதால் நோன்புப் பெருநாளுக்குச் சாமான் வேண்டியவர்கள் முந்திய ஒக்டோபர் நவம்பரிலேயே ஓடரை முடித்திருக்க வேண்டும். மே 1, ஒக்டோபர் 1 விடுமுறைகளில் ரயிலில் இடம் கிடைப்பதே பெரும்பாடு.

இனிக் கடவுச்சீட்டும் வீசாவும். கடவுச்சீட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் வீசாவில் எத்தனை தடவை நுழையலாம் என்று எழுதியிருப்பதை வாசிக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். குவாங்சோவுக்குப் போனவர் இடையில் ஹொங்கொங்கையும் பார்த்துவரலாம் என்று நினைக்கிறார். ஹொங்கொங் சீனாவின் பகுதிதானே என்பது அவர் எண்ணம். ஆனால் அங்கே குடிவரவுச் சட்டம் வேறு. இலங்கையர்களுக்குத் தனி வீசா வேண்டும். அத்துடன் சீனாவிலிருந்து ஹொங்கொங்குக்குள் கால் வைத்தால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஒரு தடவை நுழையும் வீசா அத்தோடு முடிந்துவிடும். குவாங்சோ ஹோட்டலில் பெட்டியும் சாம்பிளும் கிடக்க, இவர் எல்லையில் நிற்பார். வியாபாரத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள நிறுவனத்திடம் அழைப்புக் கடிதம் பெற்று வர்த்தக வீசா எடுப்பதே ஒழுங்கு.

தங்குமிடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டவர் எங்கு தங்கினாலும் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் பதிவாக வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்வார்கள். நண்பரின் அறையில் செலவைச் சுருக்கித் தங்குகிறவர் தானே போய்ப் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டால் தண்டப்பணம். அடுத்த வீசாவுக்கும் கேடு.

குவாங்சோவும் யீவும் பக்கத்து ஊர்கள் என்று நினைத்துக்கொண்டு நான்கு நாள் பயணத்தில் இரண்டையும் முடிக்கப் புறப்படுகிறவர்களும் உண்டு. ரயிலில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். யீவு இருப்பது ஷங்காய் பக்கம். அங்குள்ள சாமான் பொதுவாக நிங்போ துறைமுகத்தால் வரும். குவாங்சோ சாமான் தெற்குத் துறைமுகங்களால் வரும். இரண்டையும் ஒரே கொள்கலனில் போட நினைத்தால் உள்நாட்டு லொறிக் கூலி இலாபத்தைத் தின்றுவிடும். முதற் பயணத்தில் ஒரு நகரம் போதும். உள்நாட்டு விமானம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று: 2025 ஜூன் 28 முதல், சீனாவின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்ற விடுவதில்லை. இங்கே வாங்கியதைக் கொண்டுபோய் அங்கே குப்பைத் தொட்டியில் போட நேரும்.

தொலைபேசி விடயத்தில் பலர் முதல் நாளே திணறுகின்றனர். வட்ஸ்அப், ஜீமெயில், கூகுள், பேஸ்புக் எதுவும் அங்கே சாதாரணமாக வேலை செய்யாது. வீட்டாரோடு பேச முடியாது. இன்வொய்ஸ் வந்த மின்னஞ்சலைத் திறக்க முடியாது. இலங்கை சிம்மை ரோமிங்கில் வைத்தால் அந்த இணைப்பில் இவை வேலை செய்யும். ஹோட்டல் வைபையில் செய்யா. வங்கி அனுப்பும் ஓடிபி எண் வருவதும் இலங்கை சிம்முக்குத்தான். வீசெட், அலிபே இரண்டையும் இங்கேயே பதிந்து, வங்கி அட்டையையும் இணைத்துச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளை அவற்றில் இணைக்க முடிகிறது. தேநீர்க் கடை முதல் டெக்சி வரை அங்கே போனால்தான் கொடுக்கல் வாங்கல். அட்டையை வெளிநாட்டில் பாவிக்கப் போவதை வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கையில் டொலர் கொண்டு போகிறவர்கள், 5,000 டொலருக்கு மேற்பட்டால் சீனச் சுங்கத்தில் பிரகடனம் செய்ய வேண்டும். இங்கிருந்து எடுத்துச் செல்லக்கூடிய வரம்பை வங்கியில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். விமான நிலைய வாசலிலும் ரயில் நிலையத்திலும் "டெக்சி, டெக்சி" என்று கையைப் பிடிப்பவரின் வாகனத்தில் ஏறாதீர்கள். நீங்கள் கொடுத்த 100 யுவான் தாளைக் கண்மூடித் திறப்பதற்குள் மாற்றி, இது கள்ளத் தாள் என்று உங்களிடமே திருப்பித் தருவது அவர்களின் பழைய வித்தை.

சாப்பாடு பற்றி மனைவிமார் கவலைப்படுவது நியாயம்தான். பன்றி இறைச்சி இல்லை என்று சொன்ன கடையில் பன்றிக் கொழுப்பில் பொரித்திருப்பார்கள். ஹலால் உணவகத்தைச் சீன மொழியில் 'சிங்ஜென்' என்பார்கள். முன்பெல்லாம் அரபெழுத்துப் பலகையைத் தூரத்திலேயே கண்டு நுழைந்தோம். 2018க்குப் பிறகு பல நகரங்களில் அந்த அரபெழுத்துகளை அகற்றிவிட்டார்கள். ஆகவே சிங்ஜென் என்பதற்கான இரண்டு சீன எழுத்துகளையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். லன்ஜோ நூடில்ஸ் கடைகள் பலவற்றைச் சீன முஸ்லிம்களே நடத்துகிறார்கள். குவாங்சோவில் சியாவ்பெய் பகுதியில் அரபு, ஆபிரிக்க வியாபாரிகளுக்கான உணவகங்கள் உள்ளன. ஜும்ஆவுக்கு ஹுவைஷெங் பள்ளிவாசல் இருக்கிறது. சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் அதுவும் ஒன்று. வெள்ளிக்கிழமை பகலில் பெக்டரிச் சந்திப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். பெக்டரிகள் நகரிலிருந்து ஒன்றரை இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹோட்டல் வாசலில் நிற்கும் இளைஞர் குறைந்த நாட்கூலி கேட்பார். அவருடைய மீதிச் சம்பளத்தை நீங்கள் வாங்கும் விலையில் கடைக்காரர் சேர்த்துவிடுவார். நான் எப்போதும் சொல்வது, நம்பகமான ஏஜன்டுக்கு வெளிப்படையான கொமிஷன் கொடுங்கள் என்பதே. எத்தனை வீதம், எதற்கெல்லாம், சாமானைப் பெட்டி பிரித்துப் பார்ப்பது யார் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். சாம்பிளை ஒன்றுக்கு இரண்டாக எடுத்து, இரண்டிலும் இரு தரப்பும் கையொப்பம் வைத்து, ஒன்றை நீங்களும் ஒன்றை அவரும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தரம் குறைந்தால் பேசுவதற்கு அதுதான் சாட்சி.

இனி, என்னை மிகவும் பயப்படுத்தும் விடயம். 30 வீத முற்பணம் அனுப்பியாயிற்று. ஊர் திரும்பி ஒரு மாதம். சாமான் தயார் என்று மின்னஞ்சல் வருகிறது. அதே பெயர், அதே இன்வொய்ஸ் இலக்கம், அதே தொகை. கீழே ஒரு வரி: எங்கள் கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, மீதி 70 வீதத்தை இம்முறை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும். நமது வியாபாரி அனுப்பிவிடுகிறார். பத்து நாள் கழித்து பெக்டரியிலிருந்து, "காசு எங்கே?" என்று கேட்கிறார்கள். யாரோ ஒருவன் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, வாரக்கணக்கில் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு இருந்து, காசு போகும் நேரம் பார்த்து எழுதியிருக்கிறான். முகவரியில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பணம் போன கணக்கு சீனாவிலும் இல்லை, மூன்றாவது நாட்டில். வங்கியில் அழுதும் பயனில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நடுத்தர வியாபாரி இப்படியான ஒரு மின்னஞ்சலோடு தன் இரண்டு கடைகளில் ஒன்றை மூடினார்.

இதற்கான காவலை நீங்கள் அங்கே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் போதே போட வேண்டும். பெக்டரியின் வியாபாரப் பதிவுப் பத்திரத்தைப் படம் எடுங்கள். அதிலுள்ள 18 இலக்கக் குறியீட்டை ஏஜன்டைக் கொண்டு சரிபார்க்கச் செய்யுங்கள். வங்கிக் கணக்கு அதே நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனியாள் பெயரில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். கணக்கு இலக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதி, நிறுவனத்தின் சிவப்பு முத்திரையைக் குத்தி வாங்குங்கள். கணக்கு மாறினால், நீங்கள் நேரில் சந்தித்த அதே ஆளோடு வீசெட்டில் முகம் பார்த்துப் பேசாமல் ஒரு டொலரும் அனுப்புவதில்லை என்று அங்கேயே சொல்லி வையுங்கள். வங்கிக்குப் போய்க் காசு அனுப்புவது உங்கள் மகனோ கணக்குப்பிள்ளையோ என்றால் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உண்டியலில் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம், காசு கொடுத்ததற்கு அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

பெயர்பெற்ற நிறுவனங்களின் முத்திரை குத்திய போலிச் சாமான் அங்கே சில சந்தைகளில் திரைக்குப் பின்னால் கிடைக்கும். இலாபம் கண்ணைப் பறிக்கும். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சுங்கத்துக்கும் அதைப் பிடிக்க அதிகாரம் இருக்கிறது. கொள்கலனில் பத்துப் பெட்டி போலியாக இருந்தால் மீதி இருநூறு பெட்டிகளும் அதனோடு சேர்ந்து துறைமுகத்தில் தாமதப்படும். தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். இது வாங்குபவரை ஏமாற்றும் வியாபாரம் என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது கைப்பொதியில் சாம்பிளோடு சேர்த்து நாற்பது கைக்கடிகாரம், முப்பது இயர்போன் என்று அடைத்துக்கொண்டு பச்சை வழியால் நடப்பவர்களைக் கட்டுநாயக்கவில் எந்நாளும் காணலாம். ஒரே பொருள் எண்ணிக்கையில் கூடினால் அது பயணிப் பொதி அல்ல, வியாபாரச் சாமான் என்றே சுங்கம் பார்க்கும். சாம்பிள்களைத் தனிப் பையில், ரசீதுகளோடு வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய்க் காட்டி, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வாருங்கள். அதற்கு ஒரு மணித்தியாலம் போகும் என்று கணக்கு வைத்து, ஊரிலிருந்து வரும் வாகனத்தை அதற்கேற்ற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.